கேம் துறையில் புதுமை செய்பவர்கள் யார்? ஒரு பீப்பாயை வைத்துச் சொல்கிறேன்

வீடியோ கேம் துறையை இன்று முன்னால் இழுத்துக்கொண்டு போகும் டெவலப்பர்கள் யார் என்பது கேள்வி. கோடிகளைக் கொட்டும் ஸ்டுடியோக்களின் பெயர் என் பதிலில் குறைவாகத்தான் வரும். அதில் கொஞ்சம் சொந்த வயிற்றெரிச்சலும் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடம் சென்னையில் ஒரு அவுட்சோர்சிங் ஸ்டுடியோவில் பிராப் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். வெளிநாட்டில் யாரோ கேம் செய்வார்கள். அதற்குள் கிடக்கும் மேசை, நாற்காலி, விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் எங்களைப் போன்றவர்கள் கையால் போகும். ஒருமுறை ஒரு மரப் பீப்பாய் வந்தது. மூன்று வாரம். இரும்பு வளையத்தில் துரு எந்தப் பக்கம் அதிகம் இருக்க வேண்டும், பலகை இடுக்கில் ஈரம் எப்படித் தெரிய வேண்டும் என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தொட்டால் விரலில் சிராய் ஏறிவிடும் என்கிற அளவுக்கு வந்தது. கேம் வெளியானதும் காசு கொடுத்து வாங்கி, என் பீப்பாய் எந்தச் சந்தில் இருக்கிறதென்று தேடிப் போய், அதன் முன்னால் நின்றேன். சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை. தள்ளினேன், நகரவில்லை. பக்கத்திலேயே ஒரு தீப்பந்தம் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தீயும் படம், என் பீப்பாயும் படம்.

அன்றிலிருந்து எந்தக் கேமைத் திறந்தாலும் முதலில் ஒரு பீப்பாயைத் தேடிப் போய் எதையாவது செய்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தத்ரூபமாகப் படம் காட்டுவதற்கு உழைப்பு வேண்டும், பணம் வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆறு வருடம் சோறு போட்டது அதுதான். ஆனால் அந்தப் பீப்பாயை வைத்து நான் என்னவெல்லாம் செய்யலாம் என்று புதிதாக ஒரு விதி எழுதுகிற ஆள் வேறு. அந்த விதியைத்தான் பிறகு நாலு பேர் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் கேமில் வைக்கிறார்கள். என் கணக்கில் புதுமை என்றால் அதுதான்.

2017 மார்ச்சில் நிண்டெண்டோ வெளியிட்ட செல்டா, 'பிரெத் ஆஃப் தி வைல்ட்', இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. அதில் வரும் பீப்பாய் என்னுடையதில் கால்வாசி அழகுகூட இல்லை. ஆனால் எரியும், தண்ணீரில் மிதக்கும், அடித்தால் உடையும். அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஜி.டி.சி. என்கிற கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் இயக்குநர் ஹிதேமாரோ புஜிபயாஷியும் அவருடைய சகாக்களும் இதன் சூட்சுமத்தை மேடையிலேயே விளக்கினார்கள். கேம்களில் ஃபிசிக்ஸ் எஞ்சின் ரொம்ப நாளாக உண்டு. எது எங்கே விழும், எதில் மோதும் என்பது அதன் பொறுப்பு. இவர்கள் அதற்குப் பக்கத்தில் 'கெமிஸ்ட்ரி எஞ்சின்' என்று இன்னொன்றை வைத்தார்கள். பொருள் எரிகிறதா, நனைந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்கிற நிலையை அது பார்த்துக்கொள்ளும். தீ, நீர், மின்சாரம் போன்றவற்றை நம் ஊர் வழக்கில் பூதங்கள் என்று வைத்துக்கொண்டால், விதி மூன்றே மூன்று. பூதம் பொருளின் நிலையை மாற்றலாம். பூதம் இன்னொரு பூதத்தை மாற்றலாம். பொருள் மட்டும் இன்னொரு பொருளின் நிலையை மாற்ற முடியாது.

அவ்வளவுதான். இந்த மூன்றிலிருந்து கிளம்புகிற கூத்துக்கு அளவே இல்லை. புல்லில் தீ வைத்தால் பரவுகிறது. சூட்டில் காற்று மேலே எழும்புகிறது. பாராகிளைடரை விரித்தால் அந்தக் காற்றே உங்களைத் தூக்குகிறது. இடி மழையில் முதுகில் இரும்பு வாளோடு நடந்தால் மின்னல் உங்கள் மேல் இறங்கும். அந்த வாளைக் கழற்றி எதிரிகள் நடுவில் வீசிவிட்டு ஓடினால் மின்னல் அவர்களுக்கு. இப்படி ஒரு காட்சி வர வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. இத்தனைக்கும் முதலில் 1986-ன் பழைய செல்டா மாதிரியே தட்டையான 2டி படத்தில் மரத்தை எரித்துப் பார்த்துத்தான் யோசனை சரிவருமா என்று சோதித்திருக்கிறார்கள். 2023-ல் வந்த அடுத்த பாகம், கண்ணில் படுவதையெல்லாம் ஒட்டி வண்டியோ படகோ செய்துகொள்ள விட்டது. அதுவும் ஓடியது 2017-ன் அதே ஸ்விட்ச் கன்சோலில். மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன.

நிண்டெண்டோவுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். கேம்பாய் என்ற கையடக்கக் கேம் கருவியைச் செய்த குன்பே யோகோய், விலை மலிந்து பழசாகிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்து என்பார். 1989-ல் வந்த கேம்பாயில் கலரே கிடையாது, நான்கு பேட்டரியில் மணிக்கணக்காக ஓடும். கலர் காட்டிய போட்டியாளர்கள் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தார்கள். ஜெயித்தது யார் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, நிண்டெண்டோவிடம் காசு இருக்கிறது, செய்கிறார்கள். என்னை வாயடைக்க வைத்தவர்கள் அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள்: டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ். டார்ன் ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு கேம் எழுத உட்கார்ந்தார். 2006-ல் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' வெளியானது. இலவசம். படமே கிடையாது, எழுத்துகளும் குறிகளும்தான் திரை முழுக்க. பூனை என்றால் ஆங்கில எழுத்து 'சி'. ஆனால் அந்த 'சி'க்குள் எலும்பு இருக்கிறது, ஈரல் இருக்கிறது, நாலு பாதம் இருக்கிறது.

குள்ளர்களின் கோட்டை ஒன்றைக் கட்டி நடத்துவதுதான் ஆட்டம். அங்கே பீப்பாய்தான் உயிர்நாடி. குள்ளர்களுக்குத் தண்ணீரைவிட மதுதான் பிடிக்கும். பீப்பாயோ பெரிய பானையோ இல்லாமல் மது காய்ச்ச முடியாது. மது இல்லையென்றால் வேலையில் சுணக்கம், முகத்தில் கடுகடுப்பு. பீப்பாய்க்கு மரம் வெட்ட வேண்டும். அளவுக்கு மீறி வெட்டினால் காட்டிலிருக்கும் எல்ஃபுகள் என்கிற வனவாசிகள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு பீப்பாயிலிருந்து யுத்தம் வரைக்கும் ஒரே சங்கிலி.

இந்தக் கேமைப் பற்றிப் பேசினால் பூனைக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 கடைசியில் மதுக்கடைகளைச் சேர்த்தார்கள். உடனே கோட்டைகளில் பூனைகள் வாந்தி எடுத்துச் செத்து விழ ஆரம்பித்தன. யாரும் அவற்றுக்கு எதுவும் ஊற்றிக் கொடுக்கவில்லை. டார்ன் துருவிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. குள்ளர்கள் குடிக்கும்போது மது தரையில் சிந்துகிறது. பூனை அதில் நடக்கிறது. பாதத்தில் ஒட்டுகிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்ற விதியை அவர் எப்போதோ எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு முறை நக்கும்போதும் ஒரு முழுக் கோப்பை என்று கணக்கு தப்பியிருந்தது. பூனையின் உடம்போ சின்னது. எந்த விதியும் தனியாகத் தப்பில்லை, அந்தக் கோப்பைக் கணக்கைத் தவிர. நான் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்கு வந்த பக் ரிப்போர்ட் எல்லாம் 'வளையத்தில் பளபளப்பு அதிகம்' என்கிற ரகம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சின்ன வட்டத்துக்கு வெளியே இந்தக் கேமை ஆடியவர்கள் குறைவு. ஆனால் மைன்கிராஃப்டை உருவாக்கியவர் தனக்குத் தூண்டுதலாகச் சொன்ன கேம்களில் இதுவும் ஒன்று. அந்த மைன்கிராஃப்ட் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. ரிம்வேர்ல்ட் மாதிரி ஒரு குடியிருப்பைக் கட்டி நடத்தும் காலனி கேம்கள் எல்லாம் இதன் பிள்ளைகள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் முதன்முதலாக கேம்களைச் சேகரிப்பில் சேர்த்தபோது, பேக்மேன், டெட்ரிஸ் பக்கத்தில் இதையும் வைத்தது. பதினாறு வருடம் நன்கொடையில் காலம் ஓட்டிய சகோதரர்கள், மருத்துவச் செலவு பயமுறுத்தவே, 2022 டிசம்பரில் படங்கள் சேர்த்து ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விற்பனைக்கு விட்டார்கள். அடுத்த மாதக் கணக்கில் வரவு 70 லட்சம் டாலருக்கு மேல். அதைப் பார்த்து முகம் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் வீட்டில் விசேஷம் மாதிரி சந்தோஷப்பட்டார்கள், நானும்தான்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து லேரியன் ஸ்டுடியோஸும் பீப்பாய்க் கட்சிதான். 2023-ல் வந்த அவர்களுடைய 'பால்டர்ஸ் கேட் 3'-ல் வெடிமருந்துப் பீப்பாய்களைப் பொறுக்கிச் சேர்த்து, பெரிய வில்லனைச் சுற்றி அடுக்கி, ஒரு தீப்பொறியில் கதையை முடிக்கலாம். ரசிகர்கள் இதற்கு 'பேரல்மேன்சி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கம்பெனி அதைத் தடை செய்யாமல் விட்டது பாருங்கள், அங்கேதான் இருக்கிறது பெரிய மனசு. மற்றபடி இவர்களிடம் நான் பார்ப்பது புதுமையைவிடப் பொறுமை: கேமின் முதல் பகுதியை மட்டும் 2020-லேயே விற்பனைக்கு விட்டு, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஏறக்குறைய மூன்று வருடம் செதுக்கினார்கள்.

பீப்பாய்க்குள் அடங்காத ஆட்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் ஸ்டுடியோவின் இயக்குநர் ஹிதேதாகா மியாசாகி என்றால் எல்லோரும் 'கஷ்டமான கேம்' என்பார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. ஒருமுறை பனி கொட்டிய மலைச் சாலையில் வண்டிகள் ஏற முடியாமல் சறுக்கினவாம். பின்னால் வந்த வண்டி முன்வண்டியை முட்டித் தள்ள, அதை அதற்குப் பின்னால் வந்தது தள்ள, இவர் மேலே ஏறிவிட்டார். நின்று நன்றி சொல்லலாமென்றால் வண்டி மறுபடி சிக்கிக்கொள்ளும். கடைசியில் வந்த வண்டி வீடு போய்ச் சேர்ந்ததா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனதாக ஒரு பேட்டியில் சொன்னார். 2009-ல் வந்த 'டெமன்ஸ் சோல்ஸ்' கேமின் ஆன்லைன் முறை அங்கிருந்து வந்தது. பேச முடியாது, பெயர் தெரியாது. தரையில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகலாம். எங்கோ ஒருவர் அதைப் படித்துப் பள்ளத்தில் விழாமல் தப்புவார். (அல்லது அதை நம்பியே விழுவார். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.)

சீட்டாட்டப் பரம்பரை ஒன்று இருக்கிறது. 2014-ல் 'ட்ரீம் குவெஸ்ட்' என்று ஒன்று வந்தது. படங்கள் பள்ளிப் பையன் நோட்டில் கிறுக்கியது போல இருக்கும். ஆனால் ஆட ஆடச் சீட்டுக் கட்டைச் சேர்த்துக்கொண்டே போவது, செத்தால் முதலிலிருந்து என்கிற விதி அதில் இருந்தது. மெகா கிரிட் ஸ்டுடியோவைச் சேர்ந்த இருவர் அந்த வழியில் 'ஸ்லே தி ஸ்பையர்' செய்தார்கள், முழு வடிவம் 2019-ல். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே காட்டிவிடுவது இதன் சாமர்த்தியம். அதிர்ஷ்ட விளையாட்டு கணக்கு விளையாட்டாக மாறியது. அதன் பிறகு வந்த சீட்டுக்கட்டு கேம்களை எண்ணி மாளாது. 2024-ல் கனடாவில், சொந்தப் பெயரைக்கூட வெளியிடாத ஒரே ஆள் செய்த 'பலாட்ரோ' வந்தது. போக்கர் சீட்டுப் படம் இருக்கிறதென்று கேம்களுக்கு வயது வரம்பு சொல்லும் ஐரோப்பிய மதிப்பீட்டுக் குழு 18 வயது முத்திரை குத்தி, பிறகு 12-க்கு இறக்கியது. அதில் பணம் கட்டிச் சூதாட வழியே இல்லை என்பது தனிக் கதை.

பெரிய கம்பெனிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். கேம் செய்வதற்கான மென்பொருளான எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின் 5, 2022 ஏப்ரலில் வந்தது. அதிலுள்ள நானைட் என் பிழைப்பையே மாற்றியது. அதற்கு முன்னால் பீப்பாயைக் கோடிக்கணக்கான பாலிகானில் (உருவத்தை ஆக்கும் குட்டிக் குட்டித் தட்டைத் துண்டுகள்) செதுக்கிவிட்டு, அதையே சில ஆயிரத்தில் கையால் மறுபடி கட்டி, தூரத்தில் தெரிவதற்கு இன்னும் இளைத்த மூன்று நான்கு பிரதிகள் செய்ய வேண்டும். நானைட் வந்தபின் செதுக்கியதை அப்படியே உள்ளே போட்டால் போதும். எங்கள் ஆபீஸில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு இனி வேலை இருக்குமா என்ற பயம். கருவி செய்பவர்களின் புதுமை இந்த ரகம். ஆனால் எந்தக் கருவி வந்தாலும் பீப்பாய் எரிய வேண்டுமா என்று முடிவெடுப்பது கேம் எழுதுகிறவர்தான்.

தமிழில் எழுதுவதால் 'வெண்பா' என்ற கேமைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது, மீதியை நீங்கள் யூகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் எல்லா இட்லியும் வேகும் என்பதே ஒரு புதிர். பார்த்ததும் எனக்குச் சட்டென்று பொறி தட்டியது: அந்தத் தட்டு அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 2024-ல், ஒரு ஸ்டுடியோவின் முதல் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குத்தான்.

எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பவர்களுக்கு: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸின் பழைய எழுத்து வடிவம் ஆடம்ஸ் சகோதரர்களின் பே 12 கேம்ஸ் தளத்தில் இன்றும் இலவசம், கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. முதல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். என் முதல் கோட்டையில் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினேன், மதகு வைக்க மறந்துவிட்டேன். ஏழு குள்ளர்களும் போனார்கள். கிடங்கில் மதுப் பீப்பாய்கள் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.