கேள்வி நேரம்: அரைக்காலோடு ஆடலாமா?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் சாம்பியன்ஷிப் ஆட்டம் நெருங்கினாலே, ‘காயம்பட்ட நட்சத்திரத்தை இறக்கலாமா?’ என்று அலுவலகத்தில் ஒரே சண்டை. நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: உட்கார வைக்கும் கட்சி! பக்கத்து ஆட்டமான ஹர்லிங்கை (மட்டையால் பந்தை அடித்து ஆடுவது) பாருங்கள். 2010 அரையிறுதியில் கில்கென்னி மாவட்ட அணியின் நட்சத்திரம் ஹென்றி ஷெஃப்லினுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. நான்கே வாரத்தில் இறுதி ஆட்டத்தில் இறக்கினார்கள். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எதிரணியான டிப்பெரரி ஜெயித்தது, தொடர்ந்து ஐந்தாவது கோப்பை என்ற கில்கென்னியின் கனவும் போச்சு.

சரி, உட்கார வைத்தால் மட்டும் நிம்மதியா? 2022 கேலிக் கால்பந்து அரையிறுதியில் தொடைத் தசைக் காயத்தால் டப்ளினின் கான் ஓகாலஹன் ஆடவில்லை. கடைசி நொடிகளில் எதிரணியான கெர்ரியின் ஷான் ஓஷே, 50 மீட்டருக்கும் அப்பாலிருந்து எதிர்க்காற்றில் ஃப்ரீ கிக்கை உதைத்துச் சேர்த்தார். ஒரே புள்ளியில் டப்ளினுக்குத் தோல்வி. ‘கான் இருந்திருந்தால்...’ என்று புலம்புவார்கள். புலம்பட்டும். சம்பளமே வாங்காத ஆட்டக்காரர்கள், திங்கட்கிழமை வேலைக்கு நொண்டாமல் போக வேண்டாமா?

அப்புறம் ஒன்று: முன்கூட்டி அறிவிக்கும் பட்டியலை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். முதலில் ஆடுவார்கள் என்று அதில் சொல்லும் 15 பேருக்கு 1 முதல் 15 வரை சட்டை எண். தொடக்கத்திலேயே 22-ஆம் எண்காரர் நின்றால், யாரோ மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. அல்லது பயிற்சியாளர் எதிரணிக்குக் காது குத்தியிருக்கிறார்.