அடையாள அட்டை இல்லாத கர்ப்பிணியை கிளினிக்கில் சேர்ப்பார்களா?

கேள்வி: வாகரைப் பக்கம் பாலர் பாடசாலை ஆசிரியை நான். எங்கள் ஊரில் வேடுவர் குடும்பத்துப் பிள்ளை ஒருத்திக்கு இது ஐந்தாம் மாதம். இன்னும் பதியவில்லை, அடையாள அட்டையும் இல்லை. "ஐசி இல்லாமல் போனால் ஏசுவாங்க" என்று தாய் மறிக்கிறார். வேடுவருக்கென்று தனிச் சுகாதாரத் திட்டம் ஏதும் உண்டா?

பதில்: அட்டை இல்லை என்பதற்காக அவள் வீட்டில் இருக்கத் தேவையில்லை, டீச்சர். அரச வைத்தியசாலையிலும் கிளினிக்கிலும் சிகிச்சை இலவசம். அட்டையைக் காட்டித்தான் அதைப் பெற வேண்டும் என்றில்லை. கர்ப்பத்தைப் பதிபவர் உங்கள் பகுதி மருத்துவமாது. வீடு வீடாகப் போவது அவருடைய வேலைதான், ஆகவே அவளை அலைய விடாமல் நீங்கள் மருத்துவமாதுவிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மருத்துவமாதுவே முற்றத்துக்கு வந்து பேசினால் தாய்க்கும் பயம் பாதி குறையும்.

எட்டு வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும், பிந்திவிட்டது. பரவாயில்லை, இந்தக் கிழமையே நடக்கட்டும். கிளினிக்கில் இரத்த வகை, இரத்தக் குறைவு, சீனி, சிபிலிஸ், எச்ஐவி எல்லாம் பார்ப்பார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கை சான்று பெற்றது இந்தச் சோதனைகளால்தான். ஏற்பூசியும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் திரிபோஷா என்ற சத்துமாவும் அங்கேயே கிடைக்கும். திரிபோஷாவை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பங்குபோட்டுவிடுவார்கள், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

என்னுடைய கவலை தூரம்தான். தலையிடியோடு கண் மங்கினால், முகம் வீங்கினால், இரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால் கணவன் காட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. போனுக்கு சிக்னல் எந்த மரத்தடியில் வரும் என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு நாள் நெருங்கும் முன்பே போய்த் தங்கலாமா என்றும் கிளினிக்கில் கேளுங்கள்.

தனித் திட்டத்தை நம்பி இருக்காதீர்கள். பழங்குடி என்றால் அமைச்சரும் கமராவும் வேடுவர் ஊர் என்று பெயர்பெற்ற தம்பானைக்குத்தான் போகும். தமிழ் பேசும் கரையோர வேடுவர் பதிவுகளில் தமிழரோடு சேர்ந்து கரைந்துவிட்டார்கள். பழங்குடி உரிமைகள் பற்றிய ஐநா பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆனால் வாகரை கிளினிக்கில் அதைக் காட்டி ஒன்றும் வாங்க முடியாது.

கொடுப்பனவுகளுக்குத்தான் அட்டை வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க கிராம உத்தியோகத்தரோடு பிரதேச செயலகம் போகலாம், அது மெல்ல நடக்கட்டும். ஆனால் பிறக்கப்போகும் பிள்ளையை 42 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அலைச்சல் கூட.