பாட்காஸ்ட்டுக்கு நமக்கு வேண்டிய மாதிரி ஆடியன்ஸ் ரிப்போர்ட் எப்படி செய்றது? டேஷ்போர்ட் நம்பர் போதாதா?

தம்பி, உங்க கேள்விய நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். தமிழ்ல பாட்காஸ்ட் நடத்துறீங்க, ஊருல ஒரு சேலைக் கடைக்காரர் விளம்பரம் தர்றேன்னு சொல்லி யார் கேக்குறாங்கன்னு ரிப்போர்ட் கேட்டிருக்காரு, டேஷ்போர்ட்ல, அதாவது கணக்கு காட்டுற பக்கத்துல, இருக்க மொத்த டவுன்லோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடுத்தா போதுமா, இல்ல தனியா ஒன்னு செய்யணுமா, அதுக்கு காசு கட்டி டூல் வாங்கணுமா.

நாங்க மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல கூட்டாளிங்க சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்துறோம், தோட்டத்துல பால்மரம் வெட்டுன, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுத்த பெரியவங்கள பேச வச்சு பதிவு பண்றது. ரிப்போர்ட் வேலைய நான்தான் பாக்குறேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

ஸ்கிரீன்ஷாட் போதாது. கடைக்காரருக்கு வேண்டியது அவரு கடைக்கு வந்து சேலை எடுக்கக்கூடிய தூரத்துல எத்தன பேரு கேக்குறாங்கங்கிறதுதான், மொத்த நம்பர்ல அந்த பதில் இருக்காது. டூல திறக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கேள்விய எழுதிக்குங்க. ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரே கேள்வி, அந்த பதில வச்சு யாராவது ஒருத்தர் ஒரு முடிவு எடுக்கணும், முடிவுக்கு உதவாத காலம் (டேபிள்ல மேலேருந்து கீழ போற column) எதுவா இருந்தாலும் தூக்கிடுங்க. எங்ககிட்ட இப்ப ஓடுறது பேராக்குக்குள்ள எத்தன பேர் தொடர்ந்து கேக்குறாங்க, தோட்டத்த விட்டு கேஎல் (கோலாலம்பூர்), ஜொகூர், சிங்கப்பூர்னு போன பிள்ளைங்க கேக்குறாங்களா, பெரியவங்க பேச்ச கடைசி வரைக்கும் கேக்குறாங்களா, இந்த மூனு கேள்விதான். மூனுக்கும் தனித்தனி ரிப்போர்ட். ஒன்னா போட்டு கலக்குனா ஒன்னுக்கும் பதில் வராது.

அடுத்து டவுன்லோட்னா என்னன்னு தெரியாம ரிப்போர்ட் செய்ய உக்காரக்கூடாது. ஐஏபி டெக் லேப்னு ஒரு அமைப்பு இருக்கு, பாட்காஸ்ட்ட எப்படி எண்ணணும்னு விதிமுறை போடுறவங்க, 2017 டிசம்பர்ல 2.0 வந்துச்சு, அப்புறம் 2.1, 2.2ன்னு திருத்தி திருத்தி விட்டாங்க. நல்ல ஹோஸ்டிங் கம்பெனிங்க, அதாவது நம்ம ஆடியோ ஃபைல வச்சிருந்து ஆப்புங்களுக்கு அனுப்புறவங்க, இதத்தான் பின்பத்துறாங்க. அதுல அடிப்படை என்னன்னா ஒரே ஐபி அட்ரஸ், அதாவது இன்டர்நெட் இணைப்போட முகவரி நம்பர், ஒரே யூசர் ஏஜென்ட், அதாவது எந்த ஆப் எந்த வெர்ஷன்ங்கிற அடையாளம், இது ரெண்டும் ஒன்னா இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள அதே எபிசோட எத்தன தடவ இழுத்தாலும் ஒரு கணக்குதான், குறைஞ்சது ஒரு நிமிஷம் ஓடுற அளவு ஃபைல் இறங்கியிருக்கணும், பாட் (bot) மாதிரி தானா ஃபைல இழுக்குற மெஷினுங்கள கழிச்சிடணும். கவனிச்சீங்களா, இதுல எந்த இடத்துலயும் ஒரு மனுசன் கேட்டாருன்னு வரல. ஃபைல் இறங்குச்சு, அவ்ளோதான் தெரியும். தோட்டத்துல பால் எடை போடும்போது வாளி நிறைஞ்சிருக்கான்னு மட்டுமா பாப்பாங்க, அதுல காஞ்ச ரப்பர் எவ்ளோ தேறும்னும் பாப்பாங்கல்ல, அந்த ரெண்டாவது கணக்குதான் நம்ம ரிப்போர்ட்ல வரணும்.

2023 செப்டம்பர்ல ஐபோனுக்கு ஐஓஎஸ் 17ங்கிற புது மென்பொருள் வந்தப்ப ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஆப்ல தானா டவுன்லோட் ஆகுற முறைய மாத்துனாங்க. ஒருத்தர் ரொம்ப நாள் கழிச்சு திரும்ப வந்தா விட்டுப்போன பழைய எபிசோடெல்லாம் மொத்தமா இறங்கிக்கிட்டு இருந்துச்சு, அது நின்னுச்சு. உலகம் முழுக்க நிறைய நிகழ்ச்சிக்கு டவுன்லோட் விழுந்துச்சு, கேக்குற ஆளு குறையாமலே. அதனால 2023க்கு முந்தின நம்பரையும் பிந்தின நம்பரையும் ஒரே கிராஃப்ல போட்டு வளர்ச்சி, வீழ்ச்சின்னு யாருக்கும் காட்டாதீங்க.

கேட்டாங்களாங்கிறது ஆப் வச்சிருக்கவங்களுக்குத்தான் தெரியும், அங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவுகோல் வச்சிருக்காங்க. நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு ஆப்பிள் கணக்கு காட்டுற ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட்ல லிசனர்னா ஒரு சாதனம், எங்கேஜ்ட் லிசனர்னா ஒரு எபிசோட்ல 20 நிமிஷமோ இல்ல 40 சதவீதமோ கேட்டவங்க. ஸ்பாட்டிஃபைல ஸ்ட்ரீம்னா 60 வினாடி ஓடியிருக்கணும், வயசு, ஆணா பெண்ணாங்கிறதும் குடுக்குறாங்க, கேக்குறவங்க கணக்கு திறக்கும்போது சொன்னத வச்சு. யூடியூப்ல பாக்குறது உங்க ஹோஸ்ட் கணக்குக்கே வராது, அது தனி உலகம். இந்த மூனையும் கூட்டி மொத்த லிசனர் இவ்ளோன்னு ஒரு நம்பர் போடுறது தப்பு, ஒரே ஆளு காலையில ஸ்பாட்டிஃபைல ஆரம்பிச்சு ராத்திரி யூடியூப்ல முடிக்கலாம். பக்கத்துல பக்கத்துல வைங்க, கூட்டாதீங்க.

சரி, இப்ப ரிப்போர்ட். பல ஹோஸ்ட்ல ஃபில்டர் இருக்கும், நாடு, மாநிலம், ஊர், ஆப், தேதி, எபிசோட். கஸ்டம் ரிப்போர்ட்னு தனி பட்டன் இல்லாட்டியும் கவலப்படாதீங்க, சிஎஸ்வி ஃபைலா, அதாவது வெறும் கணக்கு டேபிளா எடுத்து, கூகுள் ஷீட்ஸ்ல போட்டு பிவட் டேபிள், அதாவது வகை வாரியா கூட்டித் தர்ற டேபிள், செஞ்சா போதும். நாங்க வச்சிருக்க காலம் எபிசோட் பேரு, விட்ட தேதி, முதல் 7 நாள் டவுன்லோட், முதல் 30 நாள் டவுன்லோட், அதுல பேராக் எவ்ளோ சிங்கப்பூர் எவ்ளோ, அப்புறம் நாங்களே கையால எழுதுற ஒரு காலம், இது எந்த வகை எபிசோட்னு. எந்த டூலும் இந்த காலத்த தராது, ஆனா ரிப்போர்ட்டுக்கு உயிரே இதுதான். எங்க வகை எல்லாம் பெரட்டு (தோட்டத்துல விடியக்காலையில ஆள் கணக்கெடுக்குறது), லயம் (தொழிலாளிங்க வரிசை வீடு), பள்ளிக்கூடம், திருவிழா, எமர்ஜென்சி காலம் (மலாயாவுல கம்யூனிஸ்ட்டுங்களுக்கு எதிரா பிரிட்டிஷ்காரங்க போட்ட அவசரநிலை)னு போகும். வகைய வச்சு பிவட் போட்டவுடனே படம் மாறிடுச்சு. எங்க ஊரு பேரு சரித்திரத்துல அடிபடுறதே 1948 ஜூன் 16 அன்னைக்கு எல்ஃபில் தோட்டத்துலயும் ஃபின் சூன் தோட்டத்துலயும் துரைமாருங்கள, அதாவது வெள்ளக்கார தோட்ட நிர்வாகிங்கள சுட்டதும் அதுக்கு அப்புறம் வந்த எமர்ஜென்சியும்தான், அத பத்தி யார் பேசுனாலும் டவுன்லோட் உயரும், வெளிநாட்டுலேருந்தும் வருவாங்க. ஆனா வந்தவங்க அடுத்த எபிசோடுக்கு பெரும்பாலும் இல்ல. ஒரு பாட்டி விடியக்காலை பெரட்டுக்கு கிளம்புறத பேசுன எபிசோட் மொத்த நம்பர்ல கீழ கிடக்கும், பேராக் ஃபில்டர் போட்டா மேல வந்து நிக்கும், கடைசி வரைக்கும் கேட்டிருப்பாங்க. மொத்தத்த மட்டும் பாத்திருந்தா அந்த மாதிரி பாட்டிங்க குரல பதியறத நிறுத்தியிருப்போம், அத நினைச்சாலே எனக்கு மனசு பதறுது, ஏன்னா அவங்கெல்லாம் இன்னும் எத்தன காலம் இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது.

முதல் 7 நாள்னு ஏன் சொல்றேன்னா போன வருசம் விட்ட எபிசோடையும் போன வாரம் விட்டதையும் மொத்தத்துல ஒப்பிட முடியாது, பழசுக்கு சேர நாள் அதிகம் கிடைச்சிருக்கு. ஒரே வயசுல ஒப்பிடணும். டூல்ல டைம் சோன் என்ன வச்சிருக்காங்கன்னு செட்டிங்ல பாருங்க, நிறைய டூல் யுடிசி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடும், நம்ம மலேசியா அதுக்கு 8 மணி நேரம் முன்ன. நீங்க வெள்ளிக்கிழமை காலையில 6 மணிக்கு விட்டா அங்க வியாழக்கிழமை ராத்திரி 10 மணின்னு விழும். காலையில இருட்டோட பேக்டரி பஸ்ல கேட்டுக்கிட்டு போறவங்க எல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காருவாங்க, எந்த கிழமை விட்டா நல்லதுன்னு பாக்கும்போது இது பெரிய குழப்பம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், ஊர் காலம். உங்க கடைக்காரர் முதல்ல இதத்தான் பாப்பாரு. டூல் ஊர கண்டுபிடிக்கிறது ஐபி அட்ரஸ் வச்சு. வீட்டு வைஃபைன்னா ஓரளவு பக்கத்துல வரும், ஆனா நம்ம தோட்டத்து பக்கம், தாமான் (குடியிருப்பு) பக்கம் நிறைய பேரு ஹேண்ட்போன் டேட்டாலதான் கேக்குறாங்க. டேட்டால போனா அந்த ஐபி உங்க வீட்ட காட்டாது, டெலிகாம் கம்பெனியோட ட்ராஃபிக் வெளிய வர்ற இடத்த காட்டும், அதனால எங்க ஊருல லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து கேக்குறவரு ரிப்போர்ட்ல கோலாலம்பூர்னு விழலாம். கேஎல்ல இவ்ளோ பேர் கேக்குறாங்கன்னு சந்தோசப்படுறதுக்கு முன்னாடி இத யோசிங்க. இன்னொன்னு, டேட்டால நிறைய போன் ஒரே பொது ஐபி-ய பகிர்ந்துக்கிடும், அதுல ரெண்டு பேரு ஒரே ஆப் ஒரே வெர்ஷன் வச்சு ஒரே நாள்ல அதே எபிசோட இறக்குனா 24 மணி நேர விதியால ஒரு ஆளா எண்ணிடலாம். அதே நேரம் ஒரே ஆளு வீட்டு வைஃபைல ஒரு தடவ, வெளிய டேட்டால ஒரு தடவ இறக்குனா ரெண்டா விழும். ஜேபி-லேருந்து, அதாவது ஜொகூர் பாருலேருந்து, சிங்கப்பூருக்கு வேலைக்கு போறவங்க சிங்கப்பூர் சிம்ல ரோமிங்ல கேட்டா பெரும்பாலும் சிங்கப்பூர்னுதான் வரும், ஆளு ஜேபி வீட்டுல படுத்திருந்தாலும். நாடு அளவுல நம்பலாம், மாநிலம் அளவுல ஜாக்கிரதையா நம்பலாம், ஊர் அளவுல அத மட்டும் வச்சு யார்கிட்டயும் பணம் பேசாதீங்க.

ஊர தெரிஞ்சுக்க ஒரே வழி நேயருங்ககிட்டயே விசாரிக்கிறதுதான். எபிசோட் கடைசியில எந்த ஊருலேருந்து கேக்குறீங்க, எந்த தோட்டத்து பிள்ளைங்கன்னு கேட்டு ஒரு வாட்ஸாப் நம்பர் இல்லாட்டி கூகுள் ஃபார்ம் குடுங்க. நாங்க அப்படி கேட்டப்ப ஷா ஆலம், கிள்ளான் பக்கத்துலேருந்து எங்க தாத்தா இன்ன டிவிசன்ல தண்டலா (வேலையாட்கள வேலை வாங்குறவரா) இருந்தாருன்னு குரல் அனுப்புறாங்க, அழுதுக்கிட்டே பேசுனவங்களும் உண்டு. எந்த சிஎஸ்வி-யிலயும் அது வராது. பேரு, போன் நம்பர் வாங்குனா எதுக்கு வாங்குறோம்னு அங்கேயே எழுதிடுங்க, ஸ்பான்சர் கையில அந்த லிஸ்ட குடுக்கவே கூடாது. நம்ம நாட்டுல 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சட்டம் இல்லாட்டியும் நம்மள நம்பி குடுத்தத நம்மளோட வச்சுக்கணும்.

வாட்ஸாப்ப பத்தி இன்னொரு விசயம். நம்ம ஆளுங்க எம்பி3 ஃபைலாவே குடும்ப குரூப்ல அனுப்பிடுவாங்க, அங்க எத்தன பேர் கேட்டாலும் எந்த டூலுக்கும் தெரியாது. நீங்க அனுப்பும்போது ஃபைல அனுப்பாதீங்க, லிங்க் அனுப்புங்க, முடிஞ்சா கோயில் குரூப்புக்கு ஒன்னு, பள்ளி முன்னாள் மாணவர் குரூப்புக்கு ஒன்னுன்னு தனித்தனி ஷார்ட் லிங்க், எந்த பக்கத்துலேருந்து வர்றாங்கன்னு தட்டுன கணக்குல தெரியும்.

கடைசி வரைக்கும் கேக்குறாங்களாங்கிறதுக்கு ஆப்பிள்லயும் ஸ்பாட்டிஃபைலயும் எபிசோட் உள்ள கிராஃப் இருக்கு, எந்த நிமிஷத்துல விட்டுட்டு போறாங்கன்னு. எங்களுக்கு முன்னுரை நீண்டா ஆளு போறது அதுல அப்பட்டமா தெரிஞ்சுச்சு, இப்ப பெரியவங்க குரல்லயே ஆரம்பிக்கிறோம்.

கடைக்காரருக்கு ஒரே பக்கம் போதும். முதல் 30 நாள்ல ஒரு எபிசோடுக்கு சராசரி எவ்ளோ, அதுல மலேசியா எவ்ளோ, பேராக்னு விழுந்தது எவ்ளோ, ஆப்பிள் எங்கேஜ்ட் லிசனர் எவ்ளோ, ஸ்பாட்டிஃபை சொல்ற வயசு பிரிவு, ஃபார்ம்ல ஊர் பேர் சொன்னவங்க எத்தன. கீழ ரெண்டு வரி, ஹேண்ட்போன் டேட்டாவால ஊர் கணக்கு குறைவா தெரியலாம், ஆனா எவ்ளோ குறைவுன்னு எங்களால சொல்ல முடியாதுன்னு நேர்மையா எழுதிடுங்க. வியாபாரம் பண்றவங்களுக்கு நேர்மையான நம்பர் புரியும். இன்னும் நல்லது, அவரு கடைக்குன்னு ஒரு வார்த்தை வச்சுக்குங்க, நிகழ்ச்சியில அந்த வார்த்தைய சொல்லி, கடையில வந்து சொன்னா தள்ளுபடின்னு, எத்தன பேர் வந்து சொன்னாங்கன்னு அவரே எண்ணிக்கிடலாம். கூட்டம் சின்னதா இருக்கும்போது ரிப்போர்ட்ட ரொம்ப நறுக்காதீங்க, ஒரு ஊருல ஒரு வயசுல ஒரு ஆப்லன்னு போனா நாலஞ்சு பேருதான் மிஞ்சுவாங்க, அத சதவீதமா போட்டா பொய்யான படம் வரும்.

காசு கட்டணுமான்னு கேட்டீங்க. இப்போதைக்கு வேணாம். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் மூனும் இலவசமாவே தர்றாங்க, உங்க ஹோஸ்ட் கணக்கு சரியில்லன்னு தோணுனா ஓபி3ன்னு ஒரு திறந்த மூல சேவை இருக்கு, ஆடியோ லிங்குக்கு முன்னாடி அவங்க முகவரிய ஒட்டிட்டா எண்ணித் தரும், ஆனா அந்த கணக்கு எல்லாருக்கும் தெரியுற மாதிரி பொதுவுல இருக்கும், அது சம்மதமான்னு உங்க கூட்டாளிங்க கிட்ட கேட்டுக்குங்க, ஹோஸ்ட் அத ஒட்ட இடம் குடுக்குதான்னும் பாருங்க. எந்த டூல நம்புனாலும் மாசா மாசம் சிஎஸ்வி-ய இறக்கி உங்க கையில ஒரு காப்பி வச்சுக்குங்க. சார்ட்டபிள்னு ஒரு பெரிய டூல் இருந்துச்சு, ஸ்பாட்டிஃபை 2022-ல வாங்குனாங்க, 2024 டிசம்பர்ல மூடிட்டாங்க. ஓபி3 நீங்க ஒட்டுன நாளுலேருந்துதான் எண்ணும், பின்னாடி போய் எடுக்க முடியாது, அதனால ஒட்டுறதா இருந்தா கடைக்காரர பாக்க போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஒட்டிடுங்க.