பாம்புத் தலை வெச்ச அம்மோனைட், ஒரிஜினல்தானா?

இங்கிலாந்து விட்பியில வாங்குன ஒரு சுருள் கல்லு, லேபிள்ல டாக்டிலியோசெராஸ் கம்யூனேன்னு (அம்மோனைட்ல, அதாவது கணவாய்க்குச் சொந்தமான, அழிஞ்சுபோன சுருள் கூட்டுக் கடல் உயிரிகள்ல, ஒரு வகை) போட்டிருக்கு, வெளி நுனியில பாம்புத் தலை இருக்கு, இது நிஜ ஃபாசிலா, வினிகர்ல ஊறப்போட்டு சுத்தம் பண்ணலாமான்னு வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு.

வினிகர் வேணவே வேணாம்ங்க. ஓடும் சரி, உள்ள இறுகுன கல்லும் சரி, பெரும்பாலும் கால்சைட்ங்கற சுண்ணாம்புக் கனிமம்தான், ஆசிட் பட்டா நுரைச்சுக் கரையும், சுமார் 18 கோடி வருஷம் தாங்குன, ஓட்டு மேல இருக்கற மேட்டு வரியெல்லாம் மழுங்கிப் போயிடும். சாஃப்டான பிரஷ், கொஞ்சம் தண்ணி, அப்புறம் நிழல்ல காய வைங்க, அது போதும்.

தலை கண்டிப்பா மனுஷன் செதுக்குனதுதான். 657ல அங்க மடம் ஆரம்பிச்ச புனித ஹில்டா பாம்பையெல்லாம் கல்லாக்குனாங்கன்னு ஊர்ல ஒரு கதை உண்டு, அந்தக் கதைக்குப் பொருத்தமா தலை செதுக்கி வித்தாங்க. விட்பி நகரச் சின்னத்துலயே இந்த மாதிரி மூணு சுருள் இருக்கு. ஆனா தலை செதுக்குனதுன்னா ஓடும் போலின்னு அர்த்தம் இல்ல, அதனால உடைச்சு எடுத்துடாதீங்க, அந்தச் செதுக்கலும் ஒரு சரித்திரம்தான். இன்னொண்ணு, கூட்டோட வாய் அந்த வெளி நுனியிலதான் இருக்கும், உயிரோட இருந்தப்போ அதோட தலையும் கைகளும் அங்கருந்துதான் வெளிய நீட்டும், செதுக்குனவர் சரியான இடத்துலதான் தலைய வெச்சிருக்காரு!

இப்போ ஓட்டைப் பாருங்க. லென்ஸ் வெச்சு ஒரு வரியை உள்பக்கத்துல இருந்து புடிச்சுட்டுப் போங்க, கம்யூனேன்னா வரி நேரா, கூர்மையா வந்து வெளி விளிம்புகிட்ட பெரும்பாலும் ரெண்டாப் பிரிஞ்சு, முதுகை, அதாவது சுருளோட வெளிச் சுற்று விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கத்து வரியோட சேர்ந்துடும். முதுகுல நடுவுல ஒரு மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம், வரி அரிவாள் மாதிரி வளைஞ்சிருந்தா அது ஹில்டோசெராஸ், அதே ஊர்ப் பாறையில கிடைக்கற வேற இனம், லேபிள்தான் தப்பு. ரெசின்ல, அதாவது பிளாஸ்டிக் மாதிரிப் பிசின்ல வார்த்த போலின்னா வெயிட் இருக்காது, கையில சில்லுன்னு இருக்காது, குட்டிக் குட்டி காத்துக் குமிழ் ஓட்டையோ விளிம்பைச் சுத்தி மோல்டு கோடோ தெரியும்.

பித்தளை மாதிரி மினுக்குற இடம் இருந்தா அது பைரைட்ங்கற இரும்பு-கந்தகக் கனிமம், அங்க மட்டும் தண்ணியே காட்டாதீங்க. ஈரக்காத்து பட்டாலே வெள்ளைப் பொடி கிளம்பும், கந்தக வாடை வரும், அதுல உண்டாகுற ஆசிட் பக்கத்துல இருக்கற காகித லேபிளைக்கூட அரிச்சிடும். அப்படி இருந்தா மத்த ஃபாசிலோட சேர்க்காம, மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டுத் தனியா வைங்க, ஜெல்லை அப்பப்போ மாத்துங்க.