துண்டுச்சீட்டைத் திருத்தினால் நோட்டு மாறுமா?

அன்புள்ள ஐயா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா நண்டும் கணவாயும் வாங்கி அனுப்புகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கு வரத்து குறைந்து நேரம் கிடைத்ததால், அவர் கணக்குக்கு கோ (Go) என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். பல விவரங்களைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்ட் எது வந்தாலும், அதில் வெயிட் என்ற ஃபீல்டை (விவரத்தை) தேடித் திருத்த ரிஃப்ளெக்ஷன் போட்டேன், அதாவது புரோகிராம் ஓடும்போதே ஸ்ட்ரக்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி. கம்பைல் ஆகிறது, ஓட்டினால் எண்ணை மாற்றும் செட்ஃப்ளோட் வரியில் பேனிக் ஆகி (பிழை காட்டி) நின்றுவிடுகிறது. படிக்க விடுகிறது, மாற்ற மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறது? ஃபீல்டுக்கு ‘எடை’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா எடை போட்டதும் நோட்டில் எழுதிவிட்டு, படகுக்காரர் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார் அல்லவா? அதில் 12 கிலோ 400 என்றிருப்பதை அவர் 13 என்று திருத்திக்கொண்டால் நோட்டில் மாறிவிடுமா? கோ மொழியில் ஃபங்ஷனுக்குள் போவதெல்லாம் நகல்தான். ரிஃப்ளெக்ஷனுக்கு வாசலான வேல்யூஆஃப் என்ற ஃபங்ஷனிடம் நீங்கள் ஸ்ட்ரக்டையே நீட்டியிருக்கிறீர்கள். அதன் கையில் இருப்பது சீட்டு. படிக்கச் சீட்டு போதும். அதைத் திருத்த விட்டால் நோட்டு பழையபடியே கிடக்கும், நீங்களோ மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் பேனிக் போட்டு நிறுத்துகிறது.

ஸ்ட்ரக்டின் பாயின்டரை, அதாவது அது இருக்கும் இடத்தின் முகவரியை, கொடுங்கள். அப்புறம் எலெம் என்று கூப்பிட்டால் அது காட்டும் இடம் கிடைக்கும். அதுதான் நோட்டு. எழுதுவதற்கு முன், மாற்றலாமா என்று சொல்லும் கேன்செட்டை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2011இல் எழுதிய ரிஃப்ளெக்ஷன் விதிகள் மூன்றில் கடைசி விதி, மாற்றக்கூடியதைத்தான் மாற்றலாம் என்பதுதான்.

ஃபீல்டின் பெயர் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) தொடங்க வேண்டும். சின்ன எழுத்தில் தொடங்கினால் பாயின்டர் கொடுத்தாலும் செட் ஆகாது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? ஆகவே தமிழ்ப் பெயர் வைத்த ஃபீல்டை ரிஃப்ளெக்ஷனால் திருத்த முடியாது. அதற்கு முன்பே ‘எடை’ கம்பைல் ஆகாது. டகரத்தோடு ஒட்டிய ஐகாரக் குறியை கோ எழுத்தாகவே மதிப்பதில்லை. ‘பல’ என்று பெயர் வைக்கலாம், ‘சில’ என்று வைக்க முடியாது. யாரைப் போய்க் கேட்பது!

சரி, உங்களுக்கு ரிஃப்ளெக்ஷன் வேண்டுமா? ஸ்ட்ரக்டை ஜேசான் என்ற உரை வடிவத்துக்கு மாற்றும் ஜேசான் பேக்கேஜுக்கு வேண்டும். நாளை யார் எந்த ஸ்ட்ரக்டைக் கொண்டுவருவார் என்று அதற்குத் தெரியாது. நண்டுக்கும் கணவாய்க்கும் ஸ்ட்ரக்ட் எழுதியவர் நீங்களே. எடையை மாற்ற ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் ஒரு மெதட் (அதற்கே உரிய ஃபங்ஷன்), அந்த மெதட் உள்ளவற்றையெல்லாம் ஒரே மாதிரி நடத்த ஒரு இன்டர்ஃபேஸ், போதும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு உங்களைப் போல ரிஃப்ளெக்ஷன் போட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன். ஃபீல்டு பெயரில் ஒரு எழுத்து பிசகு. மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரை கம்பைலர் சரிபார்க்காது. பெயரை வைத்து ஃபீல்டைத் தேடும் ஃபீல்ட்பைநேம் வெறும் கையை விரித்தது, நானும் கிடைத்ததா என்று இஸ்வேலிட்டைக் கேட்காமல் செட் செய்தேன், பேனிக் ஆகி நின்றது. விடியற்காலை நாலு மணிக்குப் போன். வாசலில் பெட்டிகளோடு ஆட்கள் நிற்க, ஓனர் திட்டக்கூட நேரமில்லாமல் பழைய நோட்டைப் பிரித்துவிட்டார்.