கிறிஸ்தவத்தில் கடவுளை அறிவது பகுத்தறிவாலா, அனுபவத்தாலா?

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வேலை இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த இரவு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை அடைத்திருந்த பயம் சட்டென்று விலகி, அப்படியொரு அமைதி வந்தது. "அம்மா பிழைச்சிடுவாங்க, கர்த்தர் சொல்லிட்டார்" என்று தங்கையிடம் அடித்துச் சொன்னேன். பதினோராம் நாள் அம்மா போய்விட்டார்.

பல மாதம் அந்த இரவையே பொய் என்று ஒதுக்கிவைத்தேன். ஆற அமர யோசித்தபோதுதான் புரிந்தது: அன்று எனக்கு வந்தது அமைதி மட்டும். 'பிழைப்பார்' என்பது என் ஆசை சேர்த்துக்கொண்டது. பிரித்துப் பார்க்க யோசனை இல்லாமல் போயிருந்தால், சேர்த்ததோடு வந்ததையும் தூக்கி எறிந்திருப்பேன்.

"அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று யோவானின் முதல் நிருபம் (4:1) சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். அனுபவத்தைச் சோதிப்பது அவிசுவாசம் இல்லை, அது கட்டளை.

பகுத்தறிவுக்கு எதிராகப் பலரும் பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலைக் காட்டுவார்கள். 1654 நவம்பர் 23 இரவு கிடைத்த அனுபவத்தை எழுதி, அதைக் கோட்டின் உட்துணியில் தைத்து வைத்திருந்தார். 1662இல் அவர் இறந்தபின்தான் அது கிடைத்தது. 'நெருப்பு' என்று தனிச்சொல்லாக எழுதியிருக்கிறார். ஆபிரகாமின் தேவன், தத்துவவாதிகளின் தேவன் அல்ல என்றும் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது அதன் தலைப்பில் உள்ள நேரக்குறிப்பு: இரவு ஏறத்தாழ பத்தரை முதல் பன்னிரண்டரை வரை. நெருப்புக்குள் நின்றும் அந்தக் கணித மேதை மணி பார்த்திருக்கிறார்! அதன்பிறகும் விசுவாசத்துக்கு ஆதரவான வாதங்களை எழுதிச் சேர்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அனுபவத்தை முதலில் வாதத்தால் நிரூபித்தாக வேண்டுமா? வேண்டாம் என்கிறார் நம் காலத்துத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா. காலையில் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அதை நம்ப யாரும் ஆதாரம் தேடுவதில்லை. தேவ நம்பிக்கையும் அப்படி அடிப்படையாகவே நிற்கலாம் என்பது அவர் வாதம். ஆனால் அதைத் தகர்க்கும் காரணம் ஒன்று எதிரே வந்தால் முகம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதையும் அவர் ஒத்துக்கொள்கிறார். எனக்கு அப்படி வந்தது அம்மாவின் மரணம்.

தங்கையிடம் பிறகு சொன்னேன்: "அமைதி வந்தது நிஜம்மா. மத்தது நானா சொன்னது." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்ண்ணா" என்றாள்.