தலைமன்னாரில் வேண்டாம், மன்னார் டவுனில் தங்குங்கள்

வணக்கம். ஹட்டனிலிருந்து முழங்கால் வலியுள்ள அம்மாவோடு மூன்று நாள் போகிறோம், தலைமன்னார் கடற்கரையில் ரூம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் பார்க்கப்போகும் முக்கிய இடங்களெல்லாம் எதிர்ப்பக்கம். தினமும் போக 30, வர 30 கி.மீ. அளவு வீணாக ஓடவேண்டி வரும். மன்னார் டவுனில் பஸ் ஸ்டாண்ட் பக்கமாகக் கீழ்மாடி ரூம் கேளுங்கள்.

வேனில் போனால் மடு மாதா தேவாலயத்தை முதல் நாளே வழியில் முடித்துவிடுங்கள். மடு வீதிச் சந்தியிலிருந்து உள்ளே 12 கி.மீ. போலத்தான். டவுனுக்குப் போய்த் திரும்பி வருவது வீண் டீசல். ஓகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டி மட்டும் போகவேண்டாம், அந்தச் சனத்தில் அம்மாவால் நிற்க முடியாது. பஸ் என்றால் கண்டி, வவுனியாவில் மாறவேண்டும்.

இரண்டாம் நாள் விடியவே திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தம் பக்கத்திலேயே இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினொரு மணிக்குக் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் கும்பிடுவீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். வெயில் ஏறினால் வெளிவீதி மணல் வெறுங்காலைச் சுடும். மலைநாட்டுக் குளிரில் பழகியவர்களுக்கு அந்த வெயில் சட்டென்று தலைசுற்ற வைக்கும், தண்ணீர்ப் போத்தல் கையிலேயே இருக்கட்டும்.

போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய மன்னார்க் கோட்டைக்கு மாலை போங்கள். உள்ளே நிழலே இல்லை. கொத்தளத்தில் அம்மாவை ஏற்றாதீர்கள். பள்ளிமுனைப் பெருக்கமரம் (பருத்த பேயோபாப் மரம்) பக்கத்தில்தான்.

மூன்றாம் நாள் நேரமிருந்தால் அரிப்பு என்ற கடற்கரை ஊர். அங்கே இருப்பதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள், உண்மையில் ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகை. கடல் அரித்து இடிந்துகொண்டிருக்கிறது, சுவருக்குக் கீழே நிற்கவேண்டாம்.